காட்டு மிருகத்தைக் காப்பது யார்?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தோழர்களே!

இன்று நாம் பேச வந்திருப்பது கூலி உயர்வைப் பற்றியல்ல, பஞ்சப்படியைப் பற்றியுமல்ல. யானையைப் பற்றியும் கொரில்லாவைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். அவற்றைப் பார்ப்பதற்காக உலகின் நாலா மூலைகளிலிருந்தும் விமானமேறிப் போகும் பிரயாணிகளைப் பற்றியும், அந்த மிருகங்களுக்குப் பக்கத்திலேயே பிறந்து, அங்கேயே மாடு மேய்த்து, அங்கேயே மடியும் ஏழை ஜனங்களைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம்.

இந்த விஷயத்தைப் பேசப் போகிறோம் என்று சொன்னபோது தோழர் ஒருவர் சிரித்தார். "மிருகத்தைக் காப்பாற்று என்பது வயிறு நிறைந்தவன் பேச்சு. நமக்கு எதற்கு?" என்றார். அவர்மீது தவறில்லை. நாங்களும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லி வந்தோம். பல கூட்டங்களில் சொல்லியும் இருக்கிறோம். பிறகு விஷயங்களைப் படித்துப் பார்த்தபோது, நாங்கள் சொன்னது பாதி சரி, பாதி தவறு என்று தெரிந்தது. அந்தத் தவறான பாதியைத் திருத்திக்கொள்வதற்காகவே இந்தப் பேச்சு.

யார் பிரயாணம் போகிறார்கள்?

முதலில் சரியான பாதியைப் பார்ப்போம். 2018-ம் ஆண்டில் உலக ஜனத்தொகையில் சுமார் 11 சதவீதம் பேர்தான் விமானத்தில் ஏறினார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. நூறு பேரில் 89 பேர் அந்த வருஷம் விமானப் படியை மிதிக்கவே இல்லை. பிரயாணிகள் விமானம் கக்கும் புகையில் பாதிக்குக் காரணம் நூற்றுக்கு ஒருவராக உள்ள பணக்காரர்களே என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஒரு சிலர் பறக்கிறார்கள். அந்தப் புகையால் வானம் சூடாகி மழை தவறும்போது காய்வது யார் வயல்? பறந்தவனுடைய வயலா?

இந்தச் சிலர் எதைப் பார்க்கப் போகிறார்கள்? ஆப்பிரிக்காவின் புல்வெளியைப் பார்க்கப் போகிறார்கள். மலைக்காட்டைப் பார்க்கப் போகிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கப்படும் படங்களில் சிங்கம் இருக்கும், யானை இருக்கும், சூரியன் மறையும் காட்சி இருக்கும். ஆனால் மனிதன் இருக்க மாட்டான். அந்தப் பூமியில் மனிதனே வாழவில்லை என்பதுபோல் இருக்கும்.

தோழர்களே, ஏமாற்று அங்கேதான் தொடங்குகிறது.

"ஆளில்லாத காடு"

உலகின் முதல் தேசியப் பூங்கா என்று சொல்லப்படுவது அமெரிக்காவிலுள்ள எல்லோஸ்டோன். 1872-ல் அது ஏற்படுத்தப்பட்டது. அது மனிதர் கை படாத காடு என்று உலகத்துக்குச் சொன்னார்கள். உண்மை என்ன? ஷோஷோனி முதலிய செவ்விந்தியக் குலத்தவர்கள் காலங்காலமாக அங்கே வேட்டையாடி வாழ்ந்து வந்தார்கள். அவர்களை வெளியேற்றிவிட்டு, பிறகு "ஆளில்லாத காடு" என்று பலகை மாட்டினார்கள். வீட்டிலிருப்பவனை வெளியே தள்ளிவிட்டு, "காலி வீடு" என்று எழுதி வைப்பதைப் போன்ற காரியம் இது.

இந்த முறை ஏகாதிபத்தியத்தோடு ஆப்பிரிக்காவுக்கும் போயிற்று. அங்கே நடந்ததில் ஒரே ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

செரங்கெட்டியின் கதை

கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா என்று ஒரு நாடு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அதன் பெரும்பகுதிக்குத் தங்கனீகா என்று பெயர். அங்கே செரங்கெட்டி என்ற மகத்தான புல்வெளி இருக்கிறது. அந்தப் புல்வெளியில் மாடு மேய்த்து வாழ்பவர்கள் மாசாய் மக்கள். மாடுதான் அவர்களுக்குச் சொத்து, மாடுதான் சோறு. வன மிருகங்களின் இறைச்சியை அவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆகையால் அவர்களுடைய மாடுகளும் காட்டு மிருகங்களும் ஒரே புல்லை மேய்ந்து, ஒரே குட்டையில் தண்ணீர் குடித்துப் பல தலைமுறைகள் வாழ்ந்தன.

1951-ல் வெள்ளைக்கார சர்க்கார் செரங்கெட்டியைத் தேசியப் பூங்காவாக்கிற்று. 1958-ல் மாசாய் பெரியவர்கள் 12 பேரிடம் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்புதல் வாங்கினார்கள். செரங்கெட்டியை விட்டுப் போகிறோம் என்பதே அந்த ஒப்பந்தம். அதற்குப் பதிலாகப் பக்கத்திலுள்ள நிகோரோங்கோரோ மேட்டுநிலத்தில் குடியிருந்து மாடு மேய்க்கலாம் என்றார்கள். 1959-ல் கவர்னரே மாசாய் மக்களிடம் ஒரு வாக்குக் கொடுத்தார்: அங்கே மிருகத்தின் நலனுக்கும் மனிதனின் நலனுக்கும் மோதல் வந்தால், மனிதனின் நலனுக்கே முதலிடம் என்றார்.

அந்த வாக்கு என்னவாயிற்று என்பதைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனியுங்கள்.

செரங்கெட்டியில் வில்டபீஸ்ட் என்று ஒரு மிருகம். மாட்டு முகமும் குதிரை வாலும் கொண்ட ஒருவகை மான். 1961-ல் அது சுமார் இரண்டரை லட்சம்தான் இருந்தது. 1977-ல் சுமார் 13 லட்சமாகப் பெருகிற்று. இந்த அதிசயம் எப்படி நடந்தது? மனிதனை விரட்டியதாலா?

இல்லை. மாட்டுக்கு ஊசி போட்டதால்!

வெக்கை நோயைப் பற்றி நம் கிராமத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு தொழுவத்தில் புகுந்தால் ஊரிலுள்ள மாடுகளையெல்லாம் வாரிக்கொண்டு போகும் நோய் அது. 1880-களின் இறுதியில் அந்த நோய் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. மாடுகள் மந்தை மந்தையாக மடிந்தன. மாசாய் மக்கள் பஞ்சத்தில் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். அதே நோய் வில்டபீஸ்டையும் காட்டெருமையையும் கொன்றது. பிற்காலத்தில் துரைமார்கள் வந்து "ஆளில்லாத புல்வெளி" என்று பார்த்து வியந்தார்களே, அந்த வெறுமையில் பாதி இந்த நோய் செய்த வேலை.

1960-ஐ ஒட்டிக் கென்யாவில் வால்ட்டர் பிளவ்ரைட் என்ற கால்நடை விஞ்ஞானி நல்ல தடுப்பூசி ஒன்றைக் கண்டுபிடித்தார். செரங்கெட்டியைச் சுற்றியுள்ள மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. மாட்டுக்கு நோய் நின்றது. மாட்டிடமிருந்து காட்டு மிருகத்துக்குத் தொற்றுவதும் நின்றது. காட்டு மிருகத்துக்கு யாரும் ஊசி போடவில்லை. ஏழையின் மாடு பிழைத்தது. அதனால் காட்டு மிருகமும் பிழைத்தது. 2011-ல் இந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? மேய்ப்பவனுடைய வாழ்வும் மிருகத்தின் வாழ்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்றைக் காத்தால் மற்றது பிழைக்கும். இந்த உண்மையை மறைத்துவிட்டு, மேய்ப்பவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள்.

கொடுத்த வாக்கு என்னவாயிற்று?

நிகோரோங்கோரோவுக்குத் திரும்புவோம். வெள்ளைக்காரன் போனான், 1961-ல் சுதந்திரம் வந்தது. ஆனால் காட்டைப் பற்றிய சட்டங்களின் போக்கு மாறவில்லை. 1974-ல் பெரிய எரிமலைப் பள்ளத்தின் அடிவாரத்தில் குடியிருந்த மாசாய்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1975-ல் அந்த வட்டாரத்தில் பயிர் செய்யத் தடை வந்தது. வீட்டுக்குப் பின்னால் நாலு சோளக்கதிர் வளர்ப்பதும் குற்றமாயிற்று. மறுபக்கம், பள்ளத்தின் விளிம்பில் சொகுசு ஓட்டல்கள் இருக்கின்றன.

2022-ல் விஷயம் முற்றியது. நிகோரோங்கோரோ ஜனங்கள் சுமார் 600 கிலோ மீட்டர் தூரத்திலுள்ள ம்சொமேரா என்ற ஊருக்குக் குடிபெயர வேண்டும் என்ற திட்டம் வந்தது. மனமுவந்து போகிறவர்களைத்தான் அனுப்புகிறோம் என்றது சர்க்கார். எங்களுடைய ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வரும் பணத்தை நிறுத்திவிட்டு "மனமுவந்து" என்பது என்ன நியாயம் என்று கேட்டார்கள் மாசாய்கள்.

அதே 2022 ஜூனில் பக்கத்து லோலியொண்டோ பகுதியில் 1,500 சதுர கிலோ மீட்டர் மேய்ச்சல் நிலத்தை எல்லைக்கல் நட்டுப் பிரித்தார்கள். அந்தப் பகுதி நெடுங்காலமாக ஓர் அந்நியக் கம்பெனிக்கு வேட்டைக்காக விடப்பட்டிருந்த இடம். எல்லைக்கல்லை எதிர்த்து ஜனங்கள் திரண்டார்கள். போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. பலர் காயமடைந்தார்கள். ஒரு போலீஸ்காரரும் உயிரிழந்தார். காயம் பட்டவர்கள் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள்.

தோழர்களே, இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். மாடு மேய்ந்தால் காடு அழிந்துவிடும். ஆனால் பணக்காரன் துப்பாக்கியோடு வந்தால் காடு வாழும். இதுதான் அவர்களுடைய கணக்கு!

ஆனால் அந்த ஜனங்கள் வாய் மூடி இருக்கவில்லை. 2024 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான மாசாய் ஆண்களும் பெண்களும் நிகோரோங்கோரோ சாலையில் திரண்டு நின்றார்கள். பிரயாணிகளின் கார்கள் வரிசை வரிசையாக நின்றன. தங்கள் கிராமங்களைப் பதிவிலிருந்தே அடித்துவிட்டதையும் ஓட்டுரிமையில் கை வைத்ததையும் எதிர்த்து நடந்த போராட்டம் அது. சர்க்கார் அதில் இறங்கி வர வேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் நாட்டின் ஜனாதிபதியே அவர்களுடைய பிரதிநிதிகளைச் சந்தித்துப் பேசி, விசாரணைக் கமிஷன் அமைப்பதாகச் சொன்னார். அதே நாட்டின் தெற்கிலுள்ள ருவாஹா பூங்காவை விரிவாக்கும் காரியத்திலும் கிராமத்தார் உலக வங்கியிடமே புகார் செய்தார்கள். 2024 ஏப்ரலில் வங்கி பணத்தை நிறுத்தி வைத்தது. நவம்பரில் அந்தத் திட்டமே ரத்தாயிற்று.

கொரில்லா பிழைத்தது, பட்வா மக்கள்?

இனி மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பிரயாணிகளின் பணத்தால் நன்மையே இல்லையா? உண்டு.

ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஆகிய மூன்று நாடுகள் சந்திக்கும் மலைகளில் மலைக் கொரில்லா வாழ்கிறது. 1981-ல் விருங்கா மலைத்தொடரில் எண்ணியபோது 254 தான் இருந்தன. பூண்டோடு அழிந்துவிடும் என்று அஞ்சினார்கள். இன்றைய நிலை வேறு. விருங்காவையும் உகாண்டாவின் பிவிண்டி காட்டையும் சேர்த்து 2019-ல் வெளியான கணக்கு 1,063.

எப்படி நடந்தது? கட்டுப்பாடுதான் காரணம். ஒரு கொரில்லாக் கூட்டத்தை ஒரு நாளில் எட்டுப் பேர்தான் பார்க்கலாம். ஒரு மணி நேரம்தான் இருக்கலாம். நெருங்கிப் போகக் கூடாது. ஏனென்றால் நமக்கு வரும் சாதாரண ஜலதோஷம் கொரில்லாவைக் கொன்றுவிடும். ருவாண்டாவில் ஒருவர் ஒரு முறை பார்க்க 2017 முதல் 1,500 டாலர் கட்டணம். பூங்காக்களின் வருமானத்தில் 5 சதவீதம் பக்கத்துக் கிராமங்களுக்கு என்று 2005-ல் ஏற்பாடு செய்தார்கள். 2017-ல் அதைப் பத்தாக உயர்த்தினார்கள். பள்ளிக்கூடங்களும் வைத்திய சாலைகளும் தண்ணீர்த் தொட்டிகளும் வந்தன. காட்டெருமை உருளைக்கிழங்கு வயலில் இறங்காமலிருக்கக் கல்சுவர் எழுப்பினார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பட்வா மக்களைக் கேளுங்கள். 1991-ல் உகாண்டாவில் பிவிண்டியும் மகாஹிங்காவும் தேசியப் பூங்காக்கள் ஆனபோது அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தேனும் கிழங்கும் கொடுத்த காடு ஒரே நாளில் அந்நியன் காடு ஆயிற்று. ஒரு துண்டு நிலமில்லை. பிறர் வயலில் கூலிக்கு நின்றார்கள். தங்கள் பழைய காட்டு வாழ்க்கையைப் பிரயாணிகளுக்கு ஆடிப் பாடிக் காட்டிக் காசு வாங்கும் நிலைக்குச் சிலர் வந்தார்கள். முப்பது வருஷங்களுக்குப் பிறகு, 2021-ல், உகாண்டாவின் அரசியல் சட்ட நீதிமன்றம் பட்வா மக்களுக்கு இழைக்கப்பட்டது அநீதியே, அதற்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவர்களை வெளியேற்றாமல் கொரில்லாவைக் காத்திருக்க முடியாதா? காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த அவர்களையே முதல் காவலர்களாக வைத்திருக்கலாமே!

காவலர்களும் தொழிலாளர்கள்தான் என்பதை இந்த இடத்தில் மறக்கக் கூடாது. 2020 ஏப்ரல் 24-ல் காங்கோ நாட்டு விருங்கா பூங்காவில் ஆயுதக் கூட்டத்தார் தாக்கியதில் 12 காவலர்கள் கொல்லப்பட்டார்கள். கிளிமஞ்சாரோ மலையேறப் போகும் பிரயாணியின் கூடாரத்தையும் சட்டியையும் தலையில் சுமந்து செல்பவன் யார்? அவனும் தொழிலாளிதான். ஒருவன் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று விதி செய்ய வேண்டியிருந்தது என்றாலே, அதற்கு முன் எவ்வளவு சுமத்தினார்கள் என்று நம் மூட்டை தூக்கும் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேறு வழி உண்டா?

உண்டு என்று காட்டிய நாடு நமீபியா.

தென்னாப்பிரிக்க வெள்ளை நிறவெறி ஆட்சியின் கீழ் இருந்த காலத்தில், அந்த நாட்டில் வெள்ளைப் பண்ணையாருக்குத் தன் நிலத்திலுள்ள மிருகங்களின்மீது உரிமை இருந்தது. அதைக் கொண்டு அவர் பணம் செய்யலாம். கருப்பு ஜனங்கள் வாழும் பொது நிலத்தில் அப்படி எந்த உரிமையும் இல்லை. மானை அடித்தால் திருடன் என்று ஜெயில். விளைவு என்ன? வறட்சியிலும் திருட்டு வேட்டையிலும் வடமேற்குப் பகுதியில் யானையும் காண்டாமிருகமும் மறைந்துகொண்டே வந்தன.

1980-களின் தொடக்கத்தில் ஜோஷுவா கங்கொம்பே என்ற ஊர்த்தலைவரைப் போன்றவர்களும், கார்த் ஓவன்-ஸ்மித் என்ற வனப் பாதுகாப்பாளரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். போலீஸை நம்பாமல், ஊராரிலிருந்தே காவலர்களைப் பொறுக்கி நியமித்தார்கள். அந்தக் காவலர்கள் சர்க்காருக்கு அல்ல, ஊர்த்தலைவர்களுக்கே பதில் சொன்னார்கள். திருட்டு வேட்டை குறைந்தது.

1990-ல் நாடு விடுதலை அடைந்தது. 1996-ல் சட்டத்தைத் திருத்தி, பண்ணையாருக்கு இருந்த உரிமையைப் பொது நிலத்து ஜனங்களுக்கும் கொடுத்தார்கள். ஊர் மக்கள் கூடி, எல்லை வகுத்து, கமிட்டி தேர்ந்தெடுத்து, வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்று தாங்களே தீர்மானிக்கலாம். 1998-ல் முதல் நான்கு சங்கங்கள் பதிவாயின. பிறகு அவை எண்பதுக்கு மேல் பெருகி, நாட்டின் நிலப்பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை உள்ளடக்கின. 1995-ல் சுமார் 7,500 ஆக இருந்த யானைகள் பிறகு 20,000-க்கு மேல் ஆயின.

இது சொர்க்கம் என்று நாங்கள் சொல்லவில்லை. யானை பெருகினால் சோளக்கொல்லையில் இறங்கும். தண்ணீர்க் குழாயை உடைக்கும். நஷ்ட ஈடு போதவில்லை என்ற குறை அங்கேயும் உண்டு. பணக்கார வேட்டைக்காரர்களிடம் காசு வாங்குவது சரியா என்ற தகராறும் உண்டு. 2020-ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, பிரயாணிகளை நம்பியிருந்த வருமானம் ஒரேயடியாக வறண்டது. பிரயாணியை மட்டும் நம்பி வாழ்வது ஒரே மில்லை நம்பி வாழும் ஊரைப் போன்றது. கதவு அடைத்தால் ஊரே பட்டினி. ஆனாலும் அடிப்படை நியாயம் நிலைத்து நிற்கிறது: உரிமை உள்ளவன் காப்பான், உரிமை பறிக்கப்பட்டவன் ஏன் காக்க வேண்டும்?

நம் பக்கத்திலும் இதற்குச் சான்று இருக்கிறது. சத்தியமங்கலம் காட்டை அடுத்து, கர்நாடகத்தில் பிளிகிரி ரங்கன் மலை இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் சோளகர்கள். நம் ஈரோடு மாவட்ட மலைகளிலும் அதே மக்கள் வாழ்கிறார்கள். 2006-ல் நாடாளுமன்றம் இயற்றிய வன உரிமைச் சட்டத்தின்படி, 2011-ல் அந்த மலையின் சோளகர்களுக்குப் புலிகள் சரணாலயத்துக்குள்ளேயே சமூக உரிமை அங்கீகரிக்கப்பட்டது. காட்டில் அளவாகச் சருகுத்தீ வைப்பதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி புதர் மண்டிப் புல்லை அழித்தது என்று அவர்கள் சொல்கிறார்கள். புல் போனால் மானுக்கு இரை ஏது? மான் போனால் புலிக்கு இரை ஏது? இப்படிப்பட்ட அறிவு சட்டை மடிப்புக் கலையாத உத்தியோகஸ்தரிடம் மட்டுமா இருக்கிறது?

மூன்று கேள்விகள்

தோழர்களே! ஆரம்பத்தில் சிரித்த தோழருக்கு இப்போது பதில் சொல்கிறோம். மிருகத்தைக் காப்பது வயிறு நிறைந்தவன் பேச்சு என்று நாங்கள் சொன்னது தவறு. காடு அழிந்தால் முதலில் பசிப்பவன் காட்டோரத்து ஏழை. அந்தக் காரியத்தைப் பணக்காரன் கையில் விட்டுவிட்டு நாம் ஒதுங்கி நின்றதால்தான், காப்பது என்பதற்கே வெளியேற்றுவது என்று அவன் அர்த்தம் பண்ணிவிட்டான். யானையை வெறுப்பது நம் வேலையல்ல. யானையைக் காட்டி ஏழையின் நிலத்தைப் பறிப்பதை எதிர்ப்பதே நம் வேலை.

நாமும் சில சமயம் பஸ் பிடித்து மலைக்கும் அணைக்கும் போகிறோம். நம் பிள்ளைகள் நாளை இன்னும் தூரம் போவார்கள், போகத்தான் வேண்டும். உலகத்தைப் பார்க்கும் உரிமை உழைப்பவனுக்கும் உண்டு. போகும்போது பிளாஸ்டிக் பையைக் காட்டில் வீசாதே, குரங்குக்குத் தீனி போடாதே, இரைச்சல் செய்யாதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. அதோடு மூன்று கேள்விகளையும் கேட்கப் பழக வேண்டும்.

ஒன்று: இந்த இடத்தில் முன்பு குடியிருந்தவர்கள் யார்? அவர்கள் இப்போது எங்கே?

இரண்டு: நாம் கொடுக்கும் பணம் யாருடைய கைக்குப் போகிறது?

மூன்று: இங்கே சுமை தூக்குபவனும் சமையல் செய்பவனும் காவல் காப்பவனும் என்ன கூலி பெறுகிறார்கள்?

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைக்கும் இடத்தில் மிருகமும் பிழைக்கும், மனிதனும் பிழைப்பான். பதில் கிடைக்காத இடத்தில், எவ்வளவு அழகான படம் போட்டுப் பலகை மாட்டியிருந்தாலும், அது கொள்ளையே.

நிகோரோங்கோரோ சாலையில் கம்பைத் தரையில் ஊன்றி நின்ற மாசாய்க் கிழவனும், பட்டியிலிருந்து மாட்டை ஓட்டிவரும் நம் கிராமத்துக் கூலிக்காரனும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஆனால் "மேய்ச்சல் நிலம் போய்விட்டது" என்று ஒருவன் சொன்னால், மற்றவனுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

அவ்வளவுதான் சொல்ல வந்தோம். தோழர்கள் கேள்விகள் கேட்கலாம்.